கட்டி வைப்பதும் கட்டிக் கொடுப்பதும்

புத்தகத்துக்குப் பெரிய பெட்டி ஆகாது. ஒற்றக்கா இதைத் தம்பியிடம் தெளிவாகத்தான் சொன்னாள். பெரிய பெட்டியில் துணி வைக்கலாம், தலையணை வைக்கலாம். புத்தகம் வைத்தால் ஒன்று தூக்குகிறவனுக்கு இடுப்பு போகும், இல்லையென்றால் பெட்டிக்கு அடி போகும். தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். போய்ப் பெரிய பெட்டிகளாகப் பார்த்து வாங்கி வந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். தலை ஆடும், காது கேட்காது.

கடைசியில் அவன் மகள்தான் மருந்துக்கடையில் பேசி, மருந்து வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்தாள். கைக்கு அடக்கமான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மேல்நோக்கிய அம்பு, ஒரு குடை, உடைகிற கண்ணாடிக் கோப்பை.

"வரலாறெல்லாம் இருமல் மருந்துல போகுது அத்தை."

"இலக்கணத்தைப் பேதி மருந்துல போடு. பொருத்தமா இருக்கும்."

ஒற்றக்கா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். அவள் பிழை திருத்துகிறவள். இரண்டு சொற்களுக்கு நடுவே வரவேண்டிய க், ச், த், ப் காணாமல் போயிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. சிவப்புப் பேனாவால் அந்த ஒற்றை அங்கே சொருகினால்தான் அவளுக்கு மூச்சு வரும். பக்கம் அமைக்கிறவர்கள் அவள் தலை தெரிந்ததும், "ஒற்றக்கா வந்தாச்சு, அவங்கவங்க புள்ளியை எண்ணிப் பாத்துக்குங்க" என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வீட்டில் தம்பிக்கு அக்கா, தம்பி மனைவிக்கு அண்ணி, தம்பி மகளுக்கு அத்தை. அந்த மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது, கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். வீட்டில் இன்னும் பாப்பாதான்.

மாடியில் ஒரே அறை. அது ஒற்றக்காவுடையது. வாசல் பக்கச் சுவர் முழுக்கப் புத்தகம், ஜன்னல் பக்கச் சுவர் முழுக்கப் புத்தகம், நடுவில் கட்டில். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். "அக்கா புத்தகத்தோட குடும்பம் நடத்துது" என்று தம்பி வருகிறவர்களிடம் சொல்வான். கேலியாகத்தான் சொல்வான். கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

மேல்தளம் ஒழுகுகிறது என்றும் அவன்தான் சொன்னான். மூலையில் இருந்த பழுப்புக் கறையைக் காட்டினான். உடைத்துப் பூச வேண்டும். அதுவரை புத்தகங்களை அவனுடைய சிநேகிதரின் கிடங்கில் வைக்கலாம். சிமெண்ட் தரை, எலி கிடையாது, பூட்டு உண்டு. இரண்டு மாதம். வேலை முடிந்ததும் புது அலமாரி அடித்து, பழையபடி அடுக்கிவிடலாம். ஒரு காற்புள்ளியைக்கூட இருமுறை பார்க்காமல் விடாத ஒற்றக்கா, தம்பி சொன்னதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவனின் பேச்சில் பிழை பார்க்க யாரும் சிவப்புப் பேனா எடுப்பதில்லை.

கட்டும் வேலையை அத்தையும் பாப்பாவும் எடுத்துக்கொண்டார்கள். பாப்பா விடுப்பு எடுத்துவிட்டு வந்து நின்றாள். அது ஒற்றக்காவுக்கு நெஞ்சு நிறைந்த விஷயமாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

ஒற்றக்கா கட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். பெட்டியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா. கனமான புத்தகங்கள் கீழே, படுக்கைவாட்டில். ஒன்றின் முதுகு இந்தப் பக்கம் என்றால் அடுத்ததன் முதுகு அந்தப் பக்கம். இல்லாவிட்டால் அடுக்கு சாய்ந்துவிடும். மூலைகளில் கசக்கிய தாள். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும். அச்சகத்திலிருந்து வெட்டுப்பட்ட வெள்ளைத் தாளாகக் கொண்டுவந்திருந்தாள். பழைய துணியில் முடிந்த ஒரு அந்துருண்டை. மேலே விரல் உயரத்துக்குக் காலியாக விடுவாள், காகிதத்துக்கும் காற்று வேண்டும் என்று.

கடைசியில் பெட்டியின் பக்கத்தில் எழுதுவாள். உள்ளே என்ன புத்தகம் என்று எழுதமாட்டாள். 'வாசல் சுவர், மூன்றாம் தட்டு, இடது' என்று எழுதுவாள்.

"என்ன இருக்குன்னு எழுத வேண்டாமா அத்தை?"

"அது எனக்குத் தெரியும். திரும்பி வந்தா எங்க உக்காரணும்னு அதுக்குத் தெரியணும்ல."

பாப்பா ஜன்னல் பக்கச் சுவரை எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன். இங்க இருக்கறவங்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க."

உண்மைதான். அது கதைச் சுவர். பாப்பா சிறுமியாக இருந்தபோது சோறு அம்மாவிடம், கதை அத்தையிடம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் மாடிக்கு ஓடி வருவாள். ஒரு புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை. அத்தை ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு சொல்வாள். ஒருநாள் ராஜகுமாரன் செத்துப்போவான், ஒருநாள் குதிரை செத்துப்போகும், தூக்கம் வருகிற நாளில் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூட நூலகத்தில் அதே புத்தகம் முழுதாகக் கிடைத்தபோது பாப்பா படித்துவிட்டு வந்து, "நிஜ முடிவு நல்லாவே இல்ல அத்தை" என்று அழுதாள்.

பாப்பா வேகமாகக் கட்டினாள். அத்தை ஒரு பெட்டி முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்தாள். பெட்டிகளை நெருக்கமாக நிரப்பினாள். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"எந்தத் தட்டுன்னு எழுதலையே?"

"அப்புறம் எழுதறேன் அத்தை. பேனா தீந்துடுச்சு."

"என்கிட்ட இருக்கு. இந்தா."

"அப்புறம் மொத்தமா எழுதிடறேன்."

அத்தை பேனாவைத் திரும்ப வைத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே அப்புறம்தான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி மனைவி தேநீரோடு மாடியேறி வந்தாள். முழங்கால் வலிக்காரி, மாடிப்படி அவளுக்கு ஆகாது. யாருக்கும் சர்க்கரையை அள்ளிப் போடுகிறவளும் இல்லை. அன்றைக்குத் தேநீர் நாக்கில் ஒட்டியது.

"என்ன, கவனிப்பு பலமா இருக்கு?"

"சும்மாதான் அண்ணி. மூணு நாளாத் தூசியில நிக்கறீங்களேன்னு."

"முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நீ ஏன் ஏறி வர்ற? குரல் குடுத்தா பாப்பா வந்து எடுத்துக்கிட்டு வரப் போறா."

"பரவால்ல அண்ணி."

பெட்டிகளைப் பார்க்காமல் வந்தவள், பார்க்காமலே இறங்கிப் போனாள்.

அப்போதுதான் பாப்பாவின் போன் அடித்தது. அவள் இரண்டு கையிலும் வேலை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"சொல்லுங்க சார். ஆமா சார். கொஞ்சம்தான் பாக்கி சார். வண்டி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கட்டிக் குடுத்துடறோம் சார்."

ஒற்றக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"கட்டிக் குடுக்க அது என்ன பொண்ணா? கட்டி வச்சிடறோம்னு சொல்லு."

பாப்பா ஒரு கணம் நின்றாள். போனில், "வச்சிடறேன் சார்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

"இந்த வீட்டுல கட்டிக் குடுக்காம வச்சிருக்கறது என்னை ஒருத்தியைத்தான்" என்று அத்தை தன் பகடியைத் தானே நீட்டினாள். இந்த மாதிரிப் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறவள் பாப்பா. அன்று சிரிக்கவில்லை. ஒட்டுநாடா கிழிபடும் சத்தம் மட்டும் வந்தது.

ஒற்றக்கா அகராதிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டி வைக்கிறோம் என்றால் பொருள் நம்மிடம் இருக்கிறது. கட்டிக் கொடுக்கிறோம் என்றால் பொருள் போகிறது. ஒரே வேலை, வால்தான் வேறு. தமிழ் படித்த பெண், நாலு பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பெண். வாய் தவறியிருக்கும். வாய் தவறாதவர்கள் உண்டா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் தன் வாழ்க்கைக் கதையை அச்சுக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரி: 'அப்பா எங்களைத் தின்றார்.' ஒற்றக்கா அதை 'அப்பா எங்களோடு தின்றார்' என்று திருத்திவிட்டாள். பெரியவர் மெய்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். கோபப்படவில்லை. "நான் எழுதினதுதாம்மா சரி" என்றார். அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பிழை என்று கண்ணில் பட்டதும் திருத்தாதே. இவர் இதைத்தான் சொல்ல வந்தாரோ என்று ஒரு தடவை கேள்.

பாப்பாவிடம் அவள் கேட்கவில்லை. நேராகத் திருத்திவிட்டாள்.

கையிலிருந்த அகராதியைக் கட்டிலில் வைத்தாள்.

"பாப்பா, கிடங்குக்காரர் உங்கப்பாவோட சீட்டாடறவர்தானே?"

"ம்."

"அவரை நீ மாமான்னுதானே கூப்பிடுவ?"

பாப்பா ஒட்டுநாடாச் சுருளின் முனையைத் தேடிக்கொண்டிருந்தாள். நகத்தால் சுற்றிச் சுற்றிச் சுரண்டினாள். முனை அகப்படவில்லை.

"கட்டிக் குடுத்துடறோம்னு சொன்னியே, அது வாய் தவறி வந்ததா? இல்ல, அதேதானா?"

அத்தை அவசரப்படவில்லை. எழுதினவர் யோசிக்க நேரம் கொடுப்பதும் அவள் தொழிலில் உண்டு.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தை."

"எப்ப?"

"எல்லாம் முடிஞ்சப்புறம்."

பிறகு பாப்பா சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது. புது நூலகத்துக்கு அலமாரி வந்துவிட்டது, கண்ணாடிக் கதவு வந்துவிட்டது, உள்ளே வைக்கப் புத்தகம் இல்லை. குழு வந்து எண்ணிப் பார்க்கும். முதல்வர் ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பேசினார். யாரால் என்ன முடியும் என்றார். பாப்பா எத்தனையோ வருடமாகத் தற்காலிக ஆசிரியை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் நிரந்தரமாகிவிட்டார்கள். அவள் கையைத் தூக்கினாள். எங்கள் வீட்டில் ஒரு நூலகமே இருக்கிறது என்றாள். முதல்வர் அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார்.

"அந்த ரூமுக்கு உங்க பேரை வைக்கறேன்னு சொல்லியிருக்காங்க அத்தை. வாசல்ல பலகை வைப்பாங்க."

"பேரைப் பிழையில்லாம எழுதுவாங்களா?"

"அத்தை…"

"உங்கப்பாவைக் கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தம்பி படியிலேயே நின்றிருந்தான். பாதிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் ஏறி வந்தான்.

"மேல்தளம் ஒழுகுதுன்னு சொன்னியே."

"ஒழுகறது நெசந்தான் அக்கா."

"எங்க ஒழுகுது?"

தம்பி மூலையைப் பார்த்தான். கறையைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"கீழ, குளிக்கற ரூம்ல."

"அதுக்கு மாடியில இருக்கறதைக் காலி பண்ணினா சரியாயிடுமா?"

"கோவப்படாத அக்கா. பாப்பா வாழ்க்கை. நமக்கு இருக்கறது ஒரே பாப்பா."

"நமக்கு" என்றாள் ஒற்றக்கா. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள்.

தம்பி மனைவியின் சர்க்கரை இப்போது புரிந்தது. ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கீழே உட்கார்ந்து பேசி, யார் எதைச் சொல்வது என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். கூரைப் பொய் அப்பாவுக்கு. தேநீர் அம்மாவுக்கு. கூட நின்று கட்டுவது மகளுக்கு. அவளுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். தன் வீட்டுக் களவுக்குத் தானே குனிந்து, மூலைக்கு மூலை தாள் கசக்கி வைத்து, அந்துருண்டையும் முடிந்து போட்டு மூட்டை கட்டியிருக்கிறாள்.

"கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டா இல்லன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருப்ப. நாலு நாள் பேசியிருக்க மாட்ட. அதுக்கப்புறம் ஏதாவது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுக்கிட்டு மாடிக்கு வந்திருப்ப. அவ்வளவுதான் நடந்திருக்கும்."

பாப்பா அழ ஆரம்பித்தாள். முன்பெல்லாம் அவள் அழுதால் அத்தையின் கை தானாக எழும். இன்றும் எழுந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு மாசம் கழிச்சு, வேலை நிரந்தரமானதும் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன். கண்ணாடி அலமாரியில, விளக்கெல்லாம் போட்டு… நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுகூட ஒரு நேரம் நெனச்சேன் அத்தை. சத்தியமா."

"இன்னொரு நேரம் என்ன நெனச்ச?"

பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை என்பதால் உள்ளதைச் சொன்னாள்.

"உங்களுக்கப்புறம் எப்படியும் எனக்குத்தானே வரும்னு நெனச்சேன்."

தம்பி, "பாப்பா" என்று அதட்டினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"வரும்" என்றாள் ஒற்றக்கா. "உனக்குத்தான் வரும். வேற யாருக்கு எழுதி வைக்கப் போறேன். ஆனா நான் போனப்புறம் எடுத்துக்கறதுன்னா நான் போக வேண்டாமா? மூணு நாளா என் முன்னாலயே நின்னு, பேதி மருந்து இருமல் மருந்துன்னு சிரிச்சு…"

குரல் உயரும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அச்சகத்திலும் அவள் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவாள், அவ்வளவுதான்.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் நின்று யாரோ, "ஏம்மா, புத்தகம் ஏத்தற வீடு இதானே?" என்று கேட்டார்கள். தம்பி மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"நான் போய்த் திருப்பி அனுப்பிடறேன் அக்கா" என்றான் தம்பி. ஆனால் நகரவில்லை. மகளைப் பார்த்தான்.

பாப்பாவும் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். "திங்கக்கிழமை குழு வருது அத்தை" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கெஞ்சவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அதைச் சொல்ல முடிந்தது அவளால். ஒற்றக்காவுக்கு அதுவரை மனதின் ஒரு மூலையில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அழுது முடித்ததும் இந்தப் பெண், 'வேண்டாம் அத்தை, நான் வேற வழி பாத்துக்கறேன்' என்று சொல்வாள் என்று. அது விட்டுப்போயிற்று.

வண்டிக்காரர் மேலே வந்தார். துண்டை உதறித் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கமும் பெட்டி, அந்தப் பக்கமும் பெட்டி.

"அப்பா, இத்தனையும் படிச்சாச்சா? எல்லாமே ஏத்தணுமாம்மா?"

ஒற்றக்கா எழுந்து நின்றாள்.

"வாசல் பக்கம் இருக்கறது இருக்கட்டும். அது நான் எனக்குக் கட்டினது. ஜன்னல் பக்கம் இருக்கறதை எல்லாம் எடுத்துக்குங்க. அது இவங்க கட்டினது."

வண்டிக்காரர் யாரைச் சொல்கிறாள் என்று பார்த்தார். அறையில் தம்பி நின்றான், பாப்பா நின்றாள்.

"யாரு, உங்க பொண்ணுங்களா?"

"காலேஜ்ல வேலை பாக்கறவங்க."

பாப்பாவின் முகம் அப்போதுதான் உண்மையாகவே வெளுத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு அழுதபோதுகூட அப்படி இல்லை.

"அத்தை, என்னை ஏன் இவங்க அவங்கன்னு…"

வண்டிக்காரர் முதல் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். நல்ல பெட்டி, அடி தாங்கியது. படியில் பார்த்துப் பார்த்து இறங்கினார். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தார். ஜன்னல் பக்கம் தரை தெரிய ஆரம்பித்தது.

"அத்தை, இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் நீங்க எனக்குப் படிச்சுக் காட்டினது. அந்தப் பக்கத்துலேர்ந்து குடுங்க. இது இருக்கட்டும்."

"தெரியுங்க" என்றாள் ஒற்றக்கா. "மூணு நாளா உங்க கையாலதானே எடுத்துக் கட்டினீங்க. அப்பவும் தெரிஞ்சுதானே கட்டினீங்க."

தம்பி, "அக்கா, குழந்தைகிட்ட என்ன இது" என்றான்.

அவனுக்கும் அவள் பதில் சொன்னாள். "நீங்க கீழ போய்க் கதவைப் பிடிங்க. பெட்டி இடிக்குது."

தம்பி இறங்கிப் போனான். போய்க் கதவைப் பிடித்திருக்க வேண்டும். இடிக்கும் சத்தம் நின்றது.

கடைசிப் பெட்டியும் போனது. பாப்பா காலியான சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னும் அந்த ஒட்டுநாடாச் சுருள். கீழிருந்து வண்டிக்காரர் கிளம்பலாமா என்று குரல் கொடுத்தார். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். பாப்பா நகரவில்லை.

ஒற்றக்கா படிவரைக்கும் வந்தாள். யாரோ வீட்டு விருந்தாளியை வழியனுப்புவதுபோல ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"வண்டி நிக்குதுங்க" என்றாள். "பாத்து இறங்குங்க."